பெயர் வரும் நேரம்

மிஸ் லிம் சொல்லிக்கொடுத்தது இவ்வளவுதான்:
முகத்தைக் காட்டாதே.
கையைக் காட்டு, காலணியைக் காட்டு,
கதவின் கொண்டியைக் காட்டு.
சத்தம் முதலில் வரட்டும்,
அது எதன் சத்தமென்று பார்ப்பவன்
மூன்று நொடி தவிக்கட்டும்.
பெயர்கள் இருட்டிலிருந்து எழுந்து
வாசித்து முடிக்குமுன் மறையவேண்டும்.

பதினொரு த்ரில்லர்களின் தொடக்கத்தை
விடுதி அறையில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன்.
எந்த நொடியில் எந்த எழுத்து, என்ன நிறம்,
குறிப்பேட்டில் கட்டம் போட்டேன்.
ஒன்றிலும் செம்பனை இல்லை.
மழை இருந்தது, ஆனால் நம் மழை இல்லை;
மெலிந்த, நாகரிகமான மழை.

விடுமுறைக்குப் பகாவ் வந்ததும்
யுகேந்திரனைப் பிடித்தேன்.
பகலில் டயர் கடை, இரவில் என் கொலைகாரன்.
சம்பளம் ஒரு மீ கோரேங், முட்டை தனி.
முக்காடு வைத்த கறுப்புச் சட்டை அவனுடையதே.
கத்தி வேண்டாமென்று முன்பே முடிவெடுத்திருந்தேன்;
கத்தியைக் காட்டுவது முதலாண்டு மாணவர் வேலை.
மோட்டார் சாவி போதும்.

ஆலைக்குப் போகும் செம்மண் சாலை, இரவு பத்தே முக்கால்.
இருந்தது ஒரே விளக்குக்கம்பம், அதுவும் இமைத்துக்கொண்டிருந்தது.
காசில்லாமல் கிடைத்த ஒளியமைப்பு.
போனைத் தரையில் வைத்து
உதிர்ந்த குலையொன்றில் சாய்த்தேன்.
காலணி வந்தது. நின்றது. சாவி குலுங்கியது.
"மெதுவா நட. நீ யாரையோ தேடுற."
"யாரை?"
"தெரியாது. ஆரம்பத்துல தெரியக்கூடாது."
ஏழாவது டேக்கில் சிரித்துவிட்டான்.
எட்டாவதில்
அவனுக்குப் பின்னால் வெளிச்சம் வந்தது,
நான் கேட்காத வெளிச்சம்.

ரோந்துக் கார் எஞ்சினை அணைக்கவில்லை.
நான் வாய் திறக்குமுன் அவன்
முக்காட்டைப் பின்னால் தள்ளினான், சாவியைக் கீழே போட்டான்,
இரண்டு கைகளையும் வயிற்றுக்கு முன்னால்
விரித்து வைத்துக்கொண்டான்.
என் ஏழு டேக்கிலும் வராத துல்லியம்.

"ஷூட்டிங், துவான்" என்று சொல்ல வந்து
பாதியை விழுங்கினேன்.
"துகாசான்" என்றேன். "காலேஜ் துகாசான்."
என் பக்கம் யாரும் திரும்பவில்லை.
டார்ச் அவனுடைய ஐ.சி.யில் இறங்கியது.
சுற்றிலும் இருட்டு. நடுவில் நீல அட்டை.
அதிலிருந்த பெயரை
மீசை அரும்பாத ஒரு போலீஸ்காரர் எழுத்துக்கூட்டினார்:
யூ. கென். தி. ரான்.
அனாக் லெலாக்கி
லெட். சு. மா. நன்.

இசை இல்லை.
நான்கு நொடியில் மறையவேண்டிய பெயர்
வாக்கிடாக்கியின் மறுமுனையில் யாரோ
தேடி முடிக்கும்வரை
வெளிச்சத்திலேயே நின்றது.

"பாலிக், பாலிக்" என்றார்கள். போனோம்.
கடையில் அவன் முட்டையை முதலில் தின்றான்.
"இது எத்தனாவது தடவை?" என்றேன்.
"இந்த வருஷமா?" என்றான்.

அணைக்க மறந்த போன் எல்லாவற்றையும் எடுத்திருந்தது.
ஒரு ஜோடி கான்வாஸ். இரண்டு ஜோடி பூட்ஸ்.
விழுந்த சாவி மட்டும் கூர்மையாக.
முகமே இல்லை.
பாடப்புத்தகத்தில் ஒட்டலாம்.
அவனிடம் காட்டினேன். இருமுறை பார்த்தான்.
"நல்லாத்தான் இருக்கு" என்றான்.
பிறகு, "போடாத."

போடவில்லை.
மற்ற ஏழையும் வெட்டி ஒட்டினேன்.
அவன் பெயரைத் தமிழில் அடித்தேன்,
ஒரு புள்ளியும் விடாமல்.

மிஸ் லிம் 'பி' கொடுத்தார். ஓரத்தில் இரண்டு குறிப்புகள்:
நடிகரின் பெயர் பதினோரு நொடி நிற்கிறது, குறைக்கவும்.
படம் தொடங்குமுன், கறுப்புத் திரையில்
யாரோ சிரிக்கும் சத்தம், நீக்கவும்.

சத்தம் முதலில் வரட்டும் என்றது அவர்தானே.